கடல் தாண்டினாலும் பங்கு கைவிட்டுப் போகாது!

பிரிந்து வாழ்ந்த அப்பாவின் நிலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு என்ன உரிமை?

“எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரம் பக்கம் தாமல். நான் ஆறாவது படிக்கும்போதே அப்பா எங்களை விட்டுப் பிரிந்து, வேறொரு குடும்பம் நடத்தினார். அம்மாதான் பட்டுத்தறியில் உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். போன வருடம் அப்பா இறந்துவிட்டார். தாமல் ஏரிப் பாசனத்தில் அவர் பெயரில் இரண்டரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. சித்தியின் இரண்டு மகன்கள்தான் பயிர் வைக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை என்று ஊரிலிருந்து சொல்கிறார்கள். இருபது வருடமாகப் பேச்சே இல்லாத அப்பாவின் நிலத்தில், வெளிநாட்டில் இருக்கும் எனக்குப் பங்கு உண்டா? கேட்பது நியாயம்தானா?”

பெயர் வெளியிட வேண்டாம் என்ற குறிப்போடு வந்த வாசகியின் கேள்வி இது. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் தாமல். ஒரு பக்கம் பெரிய ஏரி, அதை நம்பிய நெல் வயல்கள். இன்னொரு பக்கம் காஞ்சிபுரத்துப் பட்டு. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்துப் பயிர் செய்யும் இந்தப் பகுதியில், நெடுஞ்சாலையால் நிலத்தின் விலை ஏறிவிட்டது. அப்பா காலத்தில் யாரும் கேட்காத பங்கை இன்று எல்லோரும் கேட்கிறார்கள். பிள்ளைகளில் ஒருவராவது துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று இருப்பதும் சாதாரணமாகிவிட்டது. அதனால் இது ஒரு வாசகியின் கேள்வி மட்டும் அல்ல.

சுருக்கமான பதில்: பங்கு உண்டு. மனஸ்தாபமோ, ஊர் விட்டு ஊர் போனதோ, கடல் தாண்டியதோ பிள்ளையின் வாரிசுரிமையைப் பறிக்காது. அந்த உரிமையைப் பறிக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று, அப்பா முறையாக எழுதி வைத்த பத்திரம். இன்னொன்று, பிள்ளை பல ஆண்டுகள் வாய் திறக்காமல் இருப்பது.

பேச்சு இல்லாவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான்

இந்துக் குடும்பங்களுக்கு 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்து முதலில் ‘முதல் வகுப்பு வாரிசுகள்’ என்பவர்களுக்குப் போகும். மகன், மகள், மனைவி, தாய் ஆகியோரும், முன்பே இறந்துபோன மகன் அல்லது மகளின் பிள்ளைகள் போன்றோரும் இதில் அடங்குவார்கள்.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட பிள்ளை, கவனிக்காத பிள்ளை என்ற பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. சாவுக்கு வந்தாரா, கொள்ளி வைத்தது யார் என்றும் சட்டம் கேட்பதில்லை. சொத்துக்கு உரியவரைக் கொலை செய்தவர் அந்தச் சொத்தை அடைய முடியாது என்பது போன்ற சில தடைகள்தான் உண்டு. உறவு முறிந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

பெற்றோர் நீதிமன்றத்தில் விவாகரத்து பெற்றிருந்தாலும் இதே நிலைதான். கணவன், மனைவி என்ற உறவு முடியும். அப்பா, பிள்ளை என்ற உறவு முடியாது. அம்மா மறுமணம் செய்து, பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்திருந்தாலும் பெற்ற அப்பாவின் சொத்தில் பங்கு உண்டு. பிள்ளையைச் சட்டப்படி தத்துக் கொடுத்திருந்தால் மட்டும் நிலை வேறு. தத்துப்போன பிள்ளைக்குப் பிறந்த வீட்டில் அதன்பின் வாரிசுரிமை இல்லை. தத்துக்கு முன்பே அதற்குச் சேர்ந்துவிட்ட சொத்து அதனிடமே இருக்கும்.

சுய சம்பாத்தியமா, பூர்விகமா?

பங்கு உண்டு என்று தெரிந்ததும் அடுத்துக் கேட்க வேண்டியது, அது என்ன வகை நிலம் என்பதுதான். ஏனென்றால் எவ்வளவு பங்கு என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

அப்பா சொந்தப் பணத்தில் கிரயம் வாங்கிய நிலம் சுய சம்பாத்தியம். அவர் உயிரோடு இருக்கும்வரை அதை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், எழுதி வைக்கலாம். பிள்ளை தடுக்க முடியாது.

கூட்டுக் குடும்பத்தின் பூர்விக நிலம் என்றால் பிள்ளைக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அதுவரை திருமணமாகாத மகள்களுக்கு இந்த உரிமை வந்தது. 9.9.2005-ல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம், திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை, வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது. மகளின் உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது தீர்ப்பு. ஆனால் 20.12.2004-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினையை இது கலைக்காது.

இங்கே பலர் தவறு செய்கிறார்கள். ‘தாத்தாவிடமிருந்து வந்ததெல்லாம் பூர்விகம்’ என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. தாத்தாவின் தனிச்சொத்து, 1956-ம் ஆண்டுச் சட்டம் வந்தபின் அவர் உயில் எழுதாமல் இறந்ததால் அப்பாவுக்கு வந்திருந்தால், அது அப்பாவின் கையில் அவருடைய தனிச்சொத்துதான். 1986-ல் சந்தர் சென் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆகவே ‘தாத்தா நிலம்’ என்ற பேச்சை நம்பாமல், மூலப்பத்திரத்தையும் பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இரண்டரை ஏக்கர் எப்படிப் பிரியும்?

தாமல் வாசகியின் குடும்பத்தையே கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை. அப்பாவின் தாயார் உயிரோடு இருக்கிறார். உயில் இல்லை. நிலம் 250 சென்ட்.

*சுய சம்பாத்தியமாக இருந்தால்:* வாரிசுகள் ஐந்து பேர். முதல் மனைவி, மகள், சித்தியின் இரண்டு மகன்கள், பாட்டி. ஆளுக்கு 50 சென்ட்.

முதல் மனைவி இருக்கும்போது விவாகரத்து இல்லாமல் நடந்த இரண்டாவது திருமணம் செல்லாது. அதனால் சித்திக்குப் பங்கு இல்லை. ஆனால் அந்தத் திருமணத்தில் பிறந்த பிள்ளைகளை, இந்து திருமணச் சட்டத்தின் 16-வது பிரிவு முறையான பிள்ளைகளாகவே ஏற்கிறது. அப்பாவின் சொத்தில் அவர்களுக்கும் சம பங்கு உண்டு. ‘அவர்களுக்கு ஒன்றும் கிடையாது’ என்று முதல் குடும்பம் சொல்வதும் தவறு. ‘அவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்’ என்று இரண்டாவது குடும்பம் சொல்வதும் தவறு.

முறைப்படி விவாகரத்து முடிந்து, அதன்பின் இரண்டாவது திருமணம் நடந்திருந்தால்? அப்போது முதல் மனைவிக்குப் பங்கு இல்லை, சித்திக்கு உண்டு. அப்போதும் ஐந்து பங்குதான். இரண்டு கணக்கிலும் மகளின் 50 சென்ட் மட்டும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

*பூர்விகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்து, அதில் பங்குள்ளவர்கள் அப்பாவும் மகளும் மட்டும் என்றால்:* முதலில் இருவருக்கும் பாதிப் பாதி, அதாவது ஆளுக்கு 125 சென்ட் என்று மனதளவில் பிரிக்க வேண்டும். பிறகு அப்பாவின் 125 சென்ட் அந்த ஐந்து வாரிசுகளுக்கும் 25 சென்ட் வீதம் போகும். முடிவில் மகளுக்கு 150 சென்ட், மற்ற நால்வருக்கும் தலா 25 சென்ட். செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பால் பங்கு வராது, அப்பாவின் பங்கிலிருந்து மட்டும் வரும் என்று 1.9.2023 அன்று ரேவணசித்தப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

50 சென்ட்டுக்கும் 150 சென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பழைய பத்திரத்தில் அடங்கியிருக்கிறது. அதனால்தான் பத்திரத்தைப் பார்க்காமல் பஞ்சாயத்தில் உட்காரக் கூடாது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அவர்களின் தனிச்சட்டம். அதில் மகளின் பங்கு மகனுடையதில் பாதி. இந்தச் சட்டங்களிலும் அப்பாவோடு பேச்சு இல்லை என்பதற்காகப் பிள்ளையின் பங்கு போவதில்லை.

வெளிநாட்டில் இருந்தால் விவசாய நிலம் சேருமா?

வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்ட விதிகள் அதைத் தடுக்கின்றன. தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றுக்கும் அதே தடைதான். இதைக் காட்டி, ‘நீ வெளிநாட்டில் இருக்கிறாய், உனக்கு நஞ்சை நிலம் சேராது’ என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. தடை இருப்பது விலைக்கு வாங்குவதற்குத்தான். வாரிசாக வரும் நிலத்துக்குத் தடை இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவருக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை உள்ளிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தொடர்பான தனி விதிகள் உண்டு.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைக்கு விவசாய நிலத்தைத் தானமாகக் கொடுப்பதையும் அந்த விதிகள் அனுமதிப்பதில்லை. மனம் மாறிய அப்பா, ‘என் மகளுக்கும் ஒரு ஏக்கர் இருக்கட்டும்’ என்று உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்ட் பத்திரம் எழுதினால் சிக்கல் வரும். அதையே உயிலாக எழுதினால், அது வாரிசு வழியாக வந்ததாகும். சிக்கல் இல்லை.

வாரிசாக வந்த நிலத்தை விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும். வாரிசுரிமைக்கு இப்போது இந்தியாவில் வரி இல்லை. அந்தக் காலத்து எஸ்டேட் வரி 1985-லேயே நீக்கப்பட்டுவிட்டது. விற்ற பணத்தை இங்குள்ள வெளிநாடுவாழ் இந்தியருக்கான சாதாரண வங்கிக் கணக்கில் போட்டு, நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லலாம். அதற்கு ஆடிட்டர் சான்று தேவைப்படும்.

உயில் என்று ஒன்று வந்து நின்றால்

சுய சம்பாத்தியத்தை அப்பா உயில் மூலம் ஒரு தரப்புக்கே எழுதி வைத்திருந்தால், விட்டுப்போன பிள்ளைக்கு அதில் உரிமை இல்லை. கசப்பாக இருந்தாலும் சட்டம் இதுதான். பூர்விகச் சொத்தில் அப்பா தன் பங்கை மட்டுமே உயிலில் எழுதலாம். பிள்ளையின் பங்கை எழுத அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் ‘உயில் இருக்கிறது’ என்று சொன்னாலே போதாது. குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். உயிலைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், அதன்படி சொத்துக் கேட்பவர்தான் அது உண்மை என்று நிரூபிக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிப்பார்கள். படுத்த படுக்கையாக இருந்தவரிடம் கைரேகை வாங்கியது, சொத்தை அடைபவரே முன்னின்று உயில் எழுத வைத்தது போன்ற சந்தேகங்கள் இருந்தால், அவற்றைத் தீர்த்து வைக்கும் பொறுப்பும் உயிலைக் கொண்டு வருபவருக்கே.

வாரிசுச் சான்றிதழில் பெயர் இல்லையா?

தாமல் வாசகியின் கடிதத்தில் அதிகம் வலிப்பது இந்த இடம்தான். இருபது வருடம் தறியில் உட்கார்ந்த அம்மா, அந்தக் காகிதத்தில் அப்பாவுக்கு யாருமே இல்லாதவர் ஆகிவிட்டார்.

ஆனால் வாரிசுச் சான்றிதழோ, பட்டாவோ சொத்துரிமையை முடிவு செய்வதில்லை. ஒன்று வாரிசுகள் யார் என்று வருவாய்த்துறை விசாரித்துத் தரும் சான்று. மற்றது வருவாய்க் கணக்கு. பெயர் விடுபட்டால் உரிமை போய்விடாது. ஆனாலும் அதை அப்படியே விட்டால், அடுத்து பட்டா மாறும், அதன்பின் கிரயம் நடக்கும். மூன்றாவது ஆளின் கைக்கு நிலம் போனபின் மீட்பது பெரிய வேலை. ஆகவே வெளிநாட்டில் இருந்தபடியே கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம்.

1. வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற அரசு இணைய சேவையில் பட்டா, சிட்டாவைப் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் பழைய கிஸ்தி ரசீதிலோ பத்திரத்திலோ இருக்கும்.

2. உறவுக்கு ஆதாரம் சேருங்கள். பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, பெற்றோரின் திருமணப் பத்திரிகை. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தால் அதுவும் ஆதாரம்தான்.

3. தாசில்தாருக்கு ஆட்சேபனை மனு கொடுங்கள். சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தால் அதை ரத்து செய்து, எல்லா வாரிசுகளையும் சேர்த்துப் புதிதாகத் தரும்படி கேட்கலாம். பட்டா மாறுதலையும் ஆட்சேபிக்கலாம். பட்டா மாறியிருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றம்தான்.

4. நம்பிக்கையான ஆளுக்கு அதிகாரம் கொடுங்கள். வெளிநாட்டில் இந்தியத் தூதரக அதிகாரி முன்போ, அந்நாட்டு நோட்டரி முன்போ பவர் பத்திரம் எழுதலாம். அது இந்தியாவுக்கு வந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் அதிகாரம்’ என்று எழுதாமல், எந்த நிலம், என்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதுவது நல்லது. விற்கும் அதிகாரத்தைத் தேவையில்லாமல் கொடுக்க வேண்டாம்.

5. சட்ட உதவி கேளுங்கள். வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. வாசகியின் அம்மா காஞ்சிபுரத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.

காத்திருந்தால் என்ன ஆகும்?

கூட்டுரிமையாளர்களில் ஒருவர் நிலத்தை அனுபவித்தால், அது எல்லோர் சார்பிலும் அனுபவிப்பதாகவே பொருள். வெறுமனே 12 வருடம் உழுதுவிட்டதால் மற்றவர் பங்கு போய்விடாது. ஆனால், ‘உனக்குப் பங்கே கிடையாது’ என்று வெளிப்படையாக மறுத்து, அது உங்களுக்குத் தெரிந்தும் 12 வருடம் சும்மா இருந்தால், காலாவதிச் சட்டத்தைக் காட்டி உங்கள் வழக்கைத் தள்ளச் சொல்வார்கள். நீதிமன்றக் கட்டணமும் கவனிக்க வேண்டியது. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகம் கேட்டால் சிறிய நிலைக் கட்டணம். அனுபவத்திலிருந்து விலக்கப்பட்டவர் கேட்டால், தன் பங்கின் சந்தை மதிப்புக்கு ஏற்பக் கட்ட வேண்டும்.

வழக்கு எவ்வளவு நீளும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1949-ல் இறந்த ஒருவரின் தனிச்சொத்து, அவருடைய ஒரே மகளுக்குச் சேருமா, சகோதரரின் ஆண் வாரிசுக்குச் சேருமா என்பது கேள்வி. அந்த மகள் 1967-ல் இறந்துவிட்டார். கீழ் நீதிமன்றத் தீர்ப்பு 1994-ல் வந்தது. அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி என்ற அந்த வழக்கில், 1956-ம் ஆண்டுச் சட்டம் வருவதற்கு முன்பே அப்பாவின் தனிச்சொத்து மகளுக்குச் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 20.1.2022-ல். மகளின் உரிமை நிலைநாட்டப்பட்டது. ஆனால் அதைக் கேட்க அந்த மகள் இல்லை.

உழுகிற கைக்கும் ஒரு கணக்கு உண்டு

‘கேட்பது நியாயமா?’ என்ற இரண்டாவது கேள்விக்கு வருவோம். இரண்டு தம்பிகளும் அந்த நிலத்தில் வரப்பு வெட்டி, மடை திருப்பி, கடன் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். அப்பா செய்ததற்கு அவர்கள் பொறுப்பில்லை. அதே சமயம் அக்காவின் பங்கை மறைப்பதால் அவர்களுக்கும் நன்மை இல்லை.

இறந்தவர் பெயரிலேயே பட்டா கிடந்தால், கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, மானியத்தில் சொட்டுநீர், விவசாயிகளுக்கான தனி அடையாள எண் என்று ஒவ்வொன்றிலும் தடங்கல் வரும். பி.எம். கிசான் உதவி பெறுவதற்கு 1.2.2019 அன்று பெயரில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. உடையவர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இதில் விலக்கு உண்டு. அதற்கும் பட்டா வாரிசுகள் பெயருக்கு மாற வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்த உதவித்தொகை கிடையாது. உழுகிற தம்பிகள் பெறலாம். ஒரு வாரிசை மறைத்து வாங்கிய பட்டாவின் மேல் ஒரு மனு விழுந்தால், இவை எல்லாமே நின்றுபோகும்.

ஆகவே நீதிமன்றத்துக்குப் போகும் முன் பேசிப் பார்க்க வேண்டிய வழிகள் இவை:

* கூட்டுப் பட்டா: எல்லா வாரிசுகள் பெயரிலும் பட்டா வாங்கிக்கொண்டு, தம்பிகளே பயிர் செய்வது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் ஆண்டுக்கு இத்தனை மூட்டை அல்லது இவ்வளவு பணம் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

* விலைக்கு விடுவது: தன் பங்கை விற்க நினைத்தால் வெளியாருக்கு முன் உடன்வாரிசுகளைக் கேட்க வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவு அவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. இது விவசாய நிலத்துக்கும் பொருந்தும் என்று 2019-ல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம்பிகள் பணம் கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் நிலம் துண்டாகாது.

* பாகம் பிரிப்பது: 50 சென்ட் வீதம் பிரிக்கும்போது எல்லைக்கல் மட்டும் பார்த்தால் போதாது. எந்த மடையிலிருந்து தண்ணீர், வாய்க்கால் யார் வயல் வழியாக வரும், வண்டிப் பாதை எது, போர்வெல்லும் இலவச மின் இணைப்பும் யாருக்கு, எத்தனை மணி நேர முறை என்று எல்லாவற்றையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். பங்குக்கு ஒரு வயல் கிடைத்து, அதற்குத் தண்ணீர் வராவிட்டால் அது பங்கே அல்ல.

பேச்சில் முடியாவிட்டால் சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும் இருக்கின்றன. மக்கள் நீதிமன்றத்தில் சம்மதித்து எழுதிய முடிவுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் மதிப்பு உண்டு. அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. வழக்கில் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் துபாய் போய் எட்டு வருடமாகப் பேசுவதே இல்லை. செலவுக்கும் பணம் அனுப்புவதில்லை. அவனுக்கு என் நிலத்தில் பங்கு போகாமல் தடுக்க முடியுமா?

நீங்கள் சம்பாதித்த நிலம் என்றால் முடியும். உயில் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அவருக்கும் சம பங்கு போகும். பராமரிப்புக்கு 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். கடல் தாண்டினால் உரிமை போகாதது போலவே கடமையும் போகாது.

கேள்வி: அப்பா உயிரோடு இருக்கிறார், எங்களோடு பேசுவதில்லை. இப்போதே பங்கு கேட்கலாமா?

அவர் சம்பாதித்த நிலத்தில் கேட்க முடியாது. பூர்விகக் கூட்டுச் சொத்து என்றால் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம்.

கேள்வி: அப்பா வாங்கிய பயிர்க்கடனை வெளிநாட்டில் இருக்கும் நான் கட்ட வேண்டுமா?

அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. உங்கள் சம்பளத்திலிருந்து கட்டத் தேவையில்லை. ஆனால் கடன் பாக்கியோடுதான் நிலம் கைக்கு வரும்.

கேள்வி: பவர் வாங்கியவரே எனக்காகச் சாட்சி சொல்லலாமா?

வழக்குப் போடலாம், கையெழுத்திடலாம். ஆனால் உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சியமாகச் சொல்ல முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காணொலி மூலம் சொல்ல நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம்.

கேள்வி: மாற்றாந்தந்தையின் நிலத்தில் எனக்குப் பங்கு உண்டா?

அவர் உங்களுக்கு உயிலோ பத்திரமோ எழுதியிருந்தால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை. உங்கள் பங்கு பெற்ற அப்பாவின் சொத்தில் இருக்கிறது.

தாமல் வாசகிக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கேட்பது நியாயம். எவ்வளவு கேட்பது, எப்படி முடிப்பது என்பது உங்கள் மனதைப் பொறுத்தது. தம்பிகளுக்கே விட்டுக்கொடுக்க நினைத்தாலும் சரி. ஆனால் விட்டுக்கொடுப்பதும் பெயர் விடுபட்டுப் போவதும் ஒன்றல்ல. முதலில் தாசில்தார் அலுவலகத்தில் அம்மாவின் பெயரும் உங்கள் பெயரும் ஏறட்டும். மற்றதை அதன்பின் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.